குரல் எங்கே தடுக்கிறது? பாடத் தயங்குகிறவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

குன்னூரில் என் வீட்டு முன்னறையில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் வருகிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவாலயப் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கிறவர், ஐம்பது வயதில்தான் தனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்த அம்மா. வந்து உட்கார்ந்ததும் ஏறக்குறைய எல்லோரும் சொல்வது இதுதான்: "பாட ஆசை, டீச்சர். ஆனால் தைரியம் இல்லை."

தைரியத்தை என்னால் சொல்லித்தர முடியாது. எந்த இடத்தில் தடுக்கிறது என்று பாடிக் காட்டச் சொல்வேன். பாடிக் காட்டினால் தெரிந்துவிடும். தன் குரலுக்குப் பொருந்தாத கட்டையில், அதாவது சுருதி உயரத்தில், பாடிக்கொண்டிருப்பார், அல்லது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார், அல்லது தொண்டை வறண்டிருக்கும். அதைச் சரிசெய்த பிறகு அவர் தைரியத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். மற்ற குறைகளில் பல அங்கேயே தீர்ந்துவிடும்.

"மேலே போனால் கத்தல், கீழே வந்தால் வெறும் காற்று"

இது கட்டைக் கோளாறு. ஆர்மோனியக் கட்டைகளைக் கொண்டு சுருதிக்கு எண் சொல்வது நம் வழக்கம். மேற்கத்திய இசையின் 'சி' நமக்கு 1 கட்டை, 'ஜி' 5 கட்டை. ஆண்களில் பலருக்கு 1 கட்டை முதல் 2 கட்டை வரை ஒத்துவரும். பெண்களில் பலருக்கு 5 முதல் 6 வரை. 1 கட்டையில் ஓர் ஆண் ஷட்ஜம் (ஸ) பிடிக்கும்போது அவருடைய குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 131 முறை அதிர்கின்றன. 5½ கட்டையில் ஒரு பெண் ஷட்ஜம் பிடித்தால் ஏறத்தாழ 208 முறை. இந்த இரண்டும் சரியாக ஒரு ஸ்தாயி இடைவெளியில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு ஸ்தாயி இடைவெளி என்றால் அதிர்வு இரு மடங்காக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்திருந்தும் வகுப்பில் ஒருமுறை கோட்டைவிட்டேன். தேயிலைத் தொழிற்சாலைக்காரர் முதன்முதலில் வந்தபோது சுருதிப் பெட்டி என்னுடைய 5½ கட்டையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதே சுருதியில் பாட முயன்றார். மத்திய (நடு) ஸ்தாயி பஞ்சமம் (ப) வரை எப்படியோ வந்தார். அதற்கு மேல் கழுத்து நரம்பு புடைத்தது. சரி, ஒரு ஸ்தாயி கீழே பாடுங்கள் என்றேன். இப்போது ஷட்ஜத்துக்குக் கீழே குரலே இல்லை, உறுமல்தான் வந்தது. இரண்டு மாதம் அவர் தன் குரலையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். குறை என் சுருதிப் பெட்டியில் இருந்தது. 1½ கட்டைக்கு மாற்றிய அன்று சரளி வரிசை என்னும் தொடக்கப் பயிற்சியின் முதல் வரியைப் பாடிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். "இது என் குரலா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, யார் வந்தாலும் முதல் இரண்டு வகுப்புகளில் கட்டை பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை.

பெண்களுக்கு இதே கோளாறு வேறு வழியில் வருகிறது. சினிமாப் பாட்டின் ஒலிப்பதிவில் பின்னணிப் பாடகி எந்தச் சுருதியில் பாடினாரோ அதே சுருதியில் பாடினால்தான் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இயற்கையிலேயே கனத்த குரல் உடைய ஒரு பெண், பள்ளிப் பிரார்த்தனைக் குழுவில் "உன் குரல் தடித்த குரல், பின்னால் போய் நில்" என்று சொல்லப்பட்டு, முப்பது ஆண்டுகள் சமையலறையில்கூடப் பாடாமல் இருந்திருக்கிறார். அவருக்கு 4 கட்டை. அந்தக் கட்டையில் அவர் நிதானமாக 'ஆ' என்று அகாரம் பிடித்தால் அறை நிறைகிறது. ஒரு குழந்தையிடம் அப்படிச் சொல்வதற்கு முன் ஒரு கட்டை இறக்கிப் பாடச் சொல்லிப் பார்த்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

கட்டையைக் கண்டுபிடிக்கும் முறை இது. காலையில் எழுந்த உடனே வேண்டாம். அப்போது குரல் இயல்பைவிடத் தாழ்ந்திருக்கும். பதினொரு மணிக்கு மேல் உட்காருங்கள். கைபேசியில் உள்ள தம்புராச் செயலியே போதும். ஆண் என்றால் 1, பெண் என்றால் 5 கட்டையில் தொடங்கி, ஷட்ஜத்திலிருந்து கீழே மந்திர (கீழ்) ஸ்தாயி பஞ்சமம் வரை மெல்ல இறங்குங்கள். பஞ்சமம் காற்றாகப் போய்விட்டால் அரைக் கட்டை ஏற்றுங்கள். அது காதில் விழும் அளவுக்கு வந்ததும் மேலே போய், தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) காந்தாரத்தை (க) தாடையை இறுக்காமல் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அரைக் கட்டை இறக்குங்கள். மூன்று வெவ்வேறு நாள் செய்து, மூன்று நாளும் எந்தக் கட்டை வந்ததோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது உங்களுடையது. யார் வீட்டுக் கொலுவில் பாடச் சொன்னாலும் அதைக் கேட்டு வாங்கிய பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

கீழும் எட்டவில்லை, மேலும் எட்டவில்லை என்றால்? குரலின் எல்லை பயிற்சியில் விரியும், ஆனால் மாதங்கள் ஆகும். அதுவரை சிறிய எல்லைக்குள் அடங்கும் பாட்டுகளைப் பாடுங்கள். நாம் வாழும் மலை நிலத்தின் பெயரையே தாங்கிய குறிஞ்சி ராகம் இதற்கு அருமையான துணை. மந்திர ஸ்தாயி நிஷாதத்தில் (நி) தொடங்கி மத்திய ஸ்தாயி தைவதத்தோடு (த) நின்றுவிடும். மேல் ஷட்ஜத்துக்குப் போகவே போகாது. அதை மத்யம சுருதியில், அதாவது உங்கள் மத்யமத்தையே (ம) ஷட்ஜமாக வைத்துப் பாடுவது வழக்கம். அதனால் கீழே உறும வேண்டியதும் இல்லை. தாலாட்டுக்குப் பொருந்தும் ராகம் அது. தொண்டையை அதட்டிப் பாடினால் அது குறிஞ்சியாகவே இருக்காது.

"வீட்டில் நன்றாக வருகிறது, நான்கு பேர் முன்னால் நடுங்குகிறது"

முன்னால் ஆட்களைப் பார்த்ததும் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, வாய் உலர்கிறது, மூச்சு வயிற்றிலிருந்து ஏறித் தோள்பட்டைக்கு வந்துவிடுகிறது. குரல் நாண்களுக்கு அடியில் இருக்கும் காற்றின் அழுத்தம் சீராக இல்லாததால் ஒலி நடுங்குகிறது. உங்கள் மனம் பலவீனம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. நாற்பது ஆண்டு மேடை ஏறியவருக்கும் இந்தச் சுரப்பு உண்டு.

பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்லும் யோசனை: "நன்றாக மூச்சை இழுத்துக்கொள்." இதைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே மேலே அடைத்து நிற்கும் மூச்சின்மேல் இன்னும் காற்றை ஏற்றினால், அது வெளியேறத் துடித்துக்கொண்டு குரலை முட்டும், நடுக்கம் கூடும். முதலில் மூச்சை வெளியே விடுங்கள். பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்று மெல்லிய ஓசையோடு, வயிறு உள்ளே ஒட்டும்வரை. ஒரு நொடி சும்மா இருங்கள். காற்று தானே உள்ளே வந்து விலாவின் கீழ்ப்பகுதியை விரிக்கும். நீங்கள் இழுக்க வேண்டியதில்லை. இப்படி மூன்று முறை. பிறகு உதடுகளை மூடி "ம்" என்று உங்கள் ஷட்ஜத்தைப் பிடியுங்கள். சுருதி அரை நிமிடம் ஓடட்டும், அவையோர் காத்திருப்பார்கள். சுருதி சேராமல் அவசரமாக எடுத்த எடுப்பை, அதாவது பாட்டின் தொடக்கத்தைச் சரிக்கட்டத்தான் பாட்டு முழுவதும் போராட நேர்கிறது.

இது அந்த நேரத்துக்கான வைத்தியம். நீண்ட நாள் வைத்தியம் வேறு. தனியறையில் நூறு முறை பாடியதால் கூட்டத்தில் பாட வந்துவிடாது. கூட்டத்தில் பாடுவதையும் சிறிது சிறிதாகச் சாதகம் செய்ய வேண்டும். என் வகுப்பில் முதல் ரசிகை பக்கத்து வீட்டு அக்கா. ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்பார். கண் ஊசியின் மேல் இருக்கும், பாடுகிறவரை நிமிர்ந்து பார்க்க மாட்டார். முதல் கட்டத்துக்கு அப்படிப்பட்ட ஒருவர்தான் தேவை. இரண்டு வாரம் கழித்து, நேராகப் பார்த்துக் கேட்கும் ஒருவர். அதன்பின் மூன்று பேர். அதன்பின் வெள்ளிக்கிழமை பஜனை, கூட்டத்தோடு ஒரு வரி, தனியாக ஒரு வரி. ஒவ்வொரு படியிலும் அதே ஒரு பாட்டைத்தான் பாட வேண்டும். மேடைக்காகப் புதுப் பாட்டு எடுக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். எடுப்பு மேல் ஸ்தாயியில் இருக்கும் பாட்டும் இப்போது வேண்டாம்.

தேவாலயப் பாடகர் குழுவில் வாயசைத்துக்கொண்டிருந்தவரின் நடுக்கத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. குழுவில் டெனர் என்னும் உயர்ந்த ஆண்குரல் பகுதியைப் பாட ஆள் குறைவு என்று, பேஸ் என்னும் தாழ்ந்த குரல்காரரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் எட்டாத சுவரத்தை நோக்கி ஏறினால் யாருக்குத்தான் நடுங்காது? பேஸ் வரிசைக்கு மாற்றித் தரும்படி கேட்கச் சொன்னேன். கேட்பதற்கே அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. இப்போது வாயைத் திறந்து பாடுகிறார். ஆகவே நடுக்கம் எப்போதும் ஒரே சுவரத்தில் வருகிறதா என்று கவனியுங்கள். ஒரே இடத்தில் வந்தால் மேலே உள்ள முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

ஒரு சிறு விஷயம்: பாடுவதற்கு முன் வர்க்கி சாப்பிட வேண்டாம். ஊட்டி வர்க்கியின் துகள் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் இரண்டு பாட்டுக்குச் செருமிக்கொண்டே இருக்க வேண்டும்.

"எனக்குச் சுருதி ஞானமே கிடையாது"

சுவர வேறுபாடே காதுக்குத் தெரியாத நிலை ஒன்று உண்மையிலேயே உண்டு, ஆனால் அது அபூர்வம். உங்களுக்கு அது இல்லை என்று காட்ட எளிய சோதனை: யாராவது தெரிந்த பாட்டை அபஸ்வரமாகப் பாடினால் முகம் சுளிக்கிறீர்களா? சுளித்தால் காது நன்றாக இருக்கிறது. காதுக்குத் தெரிந்ததைத் தொண்டை செய்யப் பழகவில்லை, அவ்வளவுதான்.

பழக்கும் முறை: தம்புராவை ஓடவிட்டு முதல் ஐந்து நிமிடம் பாடாமல் கேளுங்கள். அடுத்து, வாயை மூடிக்கொண்டு அதனோடு "ம்" என்று சேருங்கள். சுருதியோடு கிட்டத்தட்டச் சேர்ந்து, முழுக்கச் சேராமல் இருக்கும்போது ஒலியில் ஓர் அலை அடிக்கும். சேரச் சேர அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். உங்கள் குரலே காணாமல் போனதுபோல் இருக்கும். அந்த இடம்தான். அங்கிருந்து பஞ்சமத்துக்குப் போய்ச் சேருங்கள், திரும்பி வாருங்கள். ஷட்ஜமும் பஞ்சமமும் உறுதியாகும்வரை வேறு சுவரம் வேண்டாம். பிறகு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. அடுத்தடுத்த சுவரங்களுக்கு நடுவே சிறியதும் பெரியதுமான இடைவெளிகள் மாறி மாறி வருவதால், காதும் தொண்டையும் இரண்டு வகைத் தாண்டலையும் பழகிக்கொள்கின்றன. முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், மட்டும் பாடுங்கள். மூன்றாம் காலத்தில் ஓடினால் சுருதி விலகுவது உங்களுக்கே கேட்காது.

ஆன்லைன் வகுப்பில் ஆசிரியரோடு சேர்ந்து பாடி, தாளமும் சுருதியும் தவறுகிறது என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒலி போய் வரத் தாமதமாகிறது. எங்கள் மலையில் சிக்னல் இன்னும் மோசம். சேர்ந்து பாடாதீர்கள். அவர் ஒரு வரி, நீங்கள் ஒரு வரி என்று பாடுங்கள். சுருதி உங்கள் பக்கத்தில் ஓடட்டும்.

"குளிர்காலத்தில் குரலே எழும்புவதில்லை"

விடியற்காலை நான்கு மணிக்குக் கழுத்தளவு நீரில் நின்று சாதகம் செய்தவர்களின் கதைகளை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவை ஆற்றங்கரை ஊர்களின் கதைகள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது அதை முயல வேண்டாம். குளிர்ந்த, உலர்ந்த காற்று வாய் வழியாக உள்ளே போகும்போது குரல் நாண்களின் மேலுள்ள ஈரம் குறைகிறது, சளி கெட்டியாகிறது. அதைப் பிடுங்கப் பலமாகச் செருமுகிறோம். ஒவ்வொரு செருமலும் அந்த நாண்களை ஒன்றோடொன்று மோதவிடுவதுதான். செருமுவதற்குப் பதில் ஒரு மிடறு வெந்நீர் குடித்து விழுங்குங்கள். வெளியே நடக்கும்போது மப்ளரால் மூக்கையும் வாயையும் மூடி, மூக்கால் மூச்சு விடுங்கள். சாதகத்தை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கதவைச் சாத்திக் கரிக் கணப்பு மூட்டிய அறையில் பாடவே கூடாது. புகை குரலைக் கெடுக்கும் என்பதைவிடப் பெரிய ஆபத்து அதில் இருக்கிறது. மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும். மணமும் இல்லாததால் தெரியாது.

சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் தொண்டைக்கு இதம் தரும். ஆனால் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே போகிறது, நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். அவற்றை நேரடியாக ஈரமாக்குவது நீராவிதான். ஆவி பிடிக்கும்போது நம் ஊர் வழக்கப்படி நீலகிரித் தைலத்தைத் தாராளமாக ஊற்ற வேண்டாம். வெறும் நீராவியே போதும். சிலர் தைலத்தைச் சர்க்கரையில் விட்டு விழுங்குவதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். அது உள்ளுக்குச் சாப்பிடும் பொருள் இல்லை; சிறிய அளவே நச்சாகிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் குறைவான அளவே.

குரலை எழுப்ப நான் நம்புவது ஒரு ஸ்ட்ராவையும் அரைத் தம்ளர் தண்ணீரையும். ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரல் ஆழம் தண்ணீரில் இருக்கட்டும். "ஊ" என்று ஒலித்துக்கொண்டே குமிழி விடுங்கள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஊஞ்சல்போல் வழுக்கிப் போய் வாருங்கள். ஐந்து நிமிடம் போதும். தண்ணீரின் எதிர்விசையால் நாண்கள் முட்டிக்கொள்ளாமல் இதமாக அதிரும். மேல் ஸ்தாயியில் குரல் பிசிறடிக்கிறவர்கள் தினமும் செய்யலாம்.

"வரியின் பாதியிலேயே மூச்சு தீர்ந்துவிடுகிறது"

சமவெளியிலிருந்து வந்த முதல் சில நாள் என்றால் மலையும் ஒரு காரணம். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். சில நாளில் பழகிவிடும். இங்கேயே வாழ்கிறவர் என்றால் நுரையீரலைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் முதல் சொல்லிலேயே காற்று வீணாகிறது. அந்தச் சொல்லைக் காற்று கலக்காமல், மெல்லிய ஆனால் தெளிவான ஒலியோடு தொடங்கிப் பாருங்கள். எங்கே மூச்சு எடுப்பது என்பதைப் பாட்டு நோட்டில் பென்சிலால் குறித்துவிடுங்கள். சொல்லைப் பிளக்காமல் எடுக்க வேண்டும்.

"பதிவு செய்து கேட்டால் அருவருப்பாக இருக்கிறது"

நீங்கள் பாடும்போது உங்கள் குரல் காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் உங்களுக்குக் கேட்கிறது. எலும்பு வழி வரும் ஒலியில் கனம் அதிகம். பதிவில் அது இல்லாததால் குரல் மெலிந்து, யாருடையதோ போல் இருக்கிறது. மற்றவர்கள் இத்தனை காலமும் கேட்டதும் விரும்பியதும் அந்தக் குரலைத்தான். இரண்டு வாரம் தினமும் கேட்டால் பழகும். கேட்கும்போது சுருதி விலகிய ஒரே ஒரு இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழை தகரக் கூரையில் அடிக்கும்போது பதிவும் வேண்டாம், சாதகமும் வேண்டாம். சத்தத்தை மீறத் தன்னையறியாமல் குரல் ஏறிவிடும்.

"பையன் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தான், இப்போது வாயே திறப்பதில்லை"

பதின்மூன்று, பதினான்கு வயதா? மகரக்கட்டு. குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பையன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். அந்தக் கால நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த சிறுவனின் வேடம் பறிபோகும். அந்தப் பயத்தை நாம் இன்னும் வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். பாட்டை நிறுத்த வேண்டாம். பழைய கட்டையை மறந்துவிட்டு, அன்றன்றைக்கு எந்த ஐந்து சுவரம் சுகமாக வருகிறதோ அதற்குள் பத்து நிமிடம் பாடட்டும். மாதத்துக்கு ஒருமுறை கட்டையைத் திரும்பப் பாருங்கள். குரல் பிசிறும்போது வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது. இதை நான் பெற்றோரிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்த வயதில் ஒரு சிரிப்பால் நின்றுபோன பாட்டை நாற்பது வயதில் மீட்டுக்கொண்டிருப்பவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

"பாடினால் வலிக்கிறது", "கம்மல் விடவே இல்லை"

வலித்தால் நிறுத்துங்கள், அந்த நொடியே. தசை களைப்பது வேறு, தொண்டை வலிப்பது வேறு. வலியோடு பாடிக் குரல் வளர்வதில்லை. சளிக் காய்ச்சலுக்குப் பின் குரல் கம்மினால் சில நாள் பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு ஆகாது, பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். இரவு வெகுநேரம் கழித்துச் சாப்பிட்டு உடனே படுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள்; வயிற்று அமிலம் மேலேறினாலும் காலையில் குரல் கரகரக்கும்.

கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது விழுங்கும்போது வலித்தால், எச்சிலில் ரத்தம் தெரிந்தால், கஷாயத்தையும் என்னைப் போன்ற பாட்டு ஆசிரியர்களையும் விட்டுவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். நாண்களில் கொப்புளமோ காய்ப்போ இருக்கிறதா என்பதைச் சிறு கருவியை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும். பாடுகிறவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். உங்கள் கட்டை என்ன, எந்தச் சுவரத்தில் குரல் பிசிறுகிறது, எத்தனை நாளாக, காலையிலா மாலையிலா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.